நடுவில் யாருமில்லை

ஓமருவில், ஆணிக் கடை வரிசையில்
எனக்கு முன்னால் நின்றார் அத்தோல் மக்ரே.
கையில் கதவுக் கீல் இரண்டு.
வீடு போச்சா என்றேன்.
போகலை, பலகையைத்தான் பிடுங்கிப் போட்டேன் என்றார்.
ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்த மூணு மாசம்
வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
இருவரும் வாய்திறக்காமல்
ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

தரகு பதினாறாயிரம் டாலர்.
அதில் பாதியை விலையில் குறைத்தார்,
மீதி அவர் பையில்.
அவருடைய வண்டியின் பின்பலகையில் வைத்து
கீல் வாங்கிய ரசீதின் முதுகில்
தொகையை எழுதிக் கைகுலுக்கினோம்.
நடுவில் யாருமில்லை என்றார்.
யாருமில்லை என்றேன்.
கடல் பக்கமிருந்து வந்த காற்று மட்டும் நடுவில் நுழைந்து
இரண்டு மூக்கையும் சிவக்க வைத்தது.

வக்கீல் பிரியோனி
படிவத்தைத் திறப்பதற்கு முன்பே கேட்டாள்:
இந்த வீட்டை உங்களுக்கு முதலில் காட்டியது யார்?

பதினொரு நிமிடம்.
மே மாத மழை.
லினெட் ஹோரோமோனா வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள்.
இடது காலுறையில் ஓட்டை, அதில் கட்டைவிரல்.
டார்ச் அடித்து, நான் கேட்காமலே
குளியலறைக் கூரையின் ஈரக்கறையைக் காட்டினாள்.
இதை மறைச்சு வித்தா எனக்குத் தூக்கம் வராது.
சமையலறையில், சாம்பல் பூத்த கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து,
நாலு மணிக்கு இங்கே வெயில் விழும், குளிர்காலத்திலும் என்றாள்.
வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.
நம்பிவிட்டேன்.

போகும்போது ஒரு நோட்டை நீட்டினாள்.
பெயர், போன் நம்பர், தேதி.
நானே எழுதினேன்,
என் கோணல் எழுத்தில், நீல மையில்.

ஒப்பந்தம் முடிந்தாலும், என்றாள் பிரியோனி,
அதன் வால் ஆறு மாதம் ஆடும்.
அவள் கூட்டிவந்த ஆளே வாங்கினால் தரகு அவளுக்கு.
கொடுக்க வேண்டியவர் விற்பவர்.
சட்டப்படி உங்களுக்கு ஒரு காசு கடனில்லை.

சட்டப்படி.
அந்தச் சொல்லை
இறைச்சி ஆலையில் இரண்டு இரவு மென்றேன்.
கொக்கியில் ஆடுகள் நகர்ந்துகொண்டே இருந்தன.
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு:
எந்தப் பண்ணை, யார் லாரி, எந்த நாள்.
செத்த ஆடுகூடச் சொல்லிவிடுகிறது
தன்னை யார் கொண்டுவந்தார்கள் என்று.

மூன்றாம் நாள் அத்தோலைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் கெட்டில் இரையும் சத்தம்.
அந்த நோட்டை அவ எங்கே பார்க்கப் போறா, என்றார்.
கெட்டில் அடங்கியது.
பார்ப்பா, என்றார்.
அப்புறம்:
ரசீது உன்கிட்டத்தானே இருக்கு?

போனை மேசைமேல் வைத்து,
அவர் காதில் விழும்படி கிழித்தேன்.

பழைய விலைக்கே புதுக் காகிதம்.
பதினாறாயிரத்தை அவர் கொடுத்தார், முணுமுணுத்தபடி.
நான் சேர்த்துக் கொடுத்த எட்டாயிரம்
வங்கிக் கடனுக்குள் போய் உட்கார்ந்தது,
இருபத்தைந்து வருடம் வட்டியோடு அங்கேயே இருக்கும்.
இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
பாதி நேர்மை. பாதி,
அந்த நோட்டில் இருந்த என் கையெழுத்துக்குப் பயம்.

செப்டம்பரில் குடிவந்தோம்.
கறை இருக்கிறது,
அவள் காட்டிய இடத்தில், காட்டிய அளவில்.
பன்னிரண்டு நாள் விடாத மழை.
பதின்மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு உரிக்கும்போது
கத்தியின்மேல் ஏதோ பளிச்சிட்டது.
நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாலு பத்து.

பத்து நிமிடம் தாமதம்.
தள்ளுபடி கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்து,
கையைத் துடைத்துக்கொண்டு
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன்.
சுட்டது.